எந்த ஸ்டேஷன் ஆய்வாளர்?

அடியைத் தேடிப் பன்றியாய் மண்ணைக் குடைந்தவரும் முடியைத் தேடி அன்னமாய் விண்ணில் பறந்தவரும் களைத்துத் திரும்பிய கதையைப் பதிகந்தோறும் பாடிப் பாடியே எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அந்த இருவரையும் திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அனுப்பி, என் வீட்டு மாடியில் குடியிருக்கும் மனிதர் யார், என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் கண்டுவரச் சொல்லியிருந்தால், ஒருவர் இன்றளவும் குடைந்துகொண்டும் மற்றவர் இன்றளவும் பறந்துகொண்டும்தான் இருப்பார்கள்.

தெருவில் அவருக்கு ஆய்வாளர் என்று பெயர். இயற்பெயர் எனக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லவா? ஆனால் கையெழுத்திட்ட மை காய்வதற்குள், "ஐயா, இந்தப் பேரு நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அறையில் அப்போது நானும் அவரும் சுவரில் மாட்டிய நடராசர் படமும் மட்டுமே இருந்தோம். அவர் நடராசரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேட்பார்கள். இவர் மொட்டைமாடிக்கு ஏறி நான்கு திசையும் நோக்கிவிட்டு, "எதிர்வீட்டு மாடிக்கு யார் யார் வருவாங்க?" என்று கேட்டார்.

"வடாம் காயப்போட அந்த வீட்டம்மா வருவாங்க தம்பி."

"வடாம் மட்டும்தானா?"

"சில நாள் மிளகாயும் காயும்."

மிளகாய் என்ற செய்தியை அவர் நெடுநேரம் மனத்தில் வைத்து எடைபோட்டார். பிறகு முன்பணத்தைக் கொடுத்தார்.

நான் விழுப்புரம் ரயில் சந்திப்பில் பயணச்சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவுடன் ஊரையும், கேட்காமலேயே போகும் காரணத்தையும் சொல்லிவிடும் மக்களைப் பார்த்துப் பழகியவன். அப்படிப்பட்ட எனக்கு இவருடைய வரலாறு, உடைந்த கல்வெட்டுப் போலத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பிறந்தது கண்டாச்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சொந்த நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் விளையும். விழுப்புரத்தில் வரலாறு படித்தார். பின்பு சென்னை, அதன் பின்பு டெல்லி. கடல்வழியே நாட்டுக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் அமர்ந்து, அந்த ஆபத்துகள் வந்தால் அரசு என்ன செய்யவேண்டும் என்று தடித்தடியான அறிக்கைகள் எழுதினார். தேசியப் பாதுகாப்புக் கொள்கை ஆய்வாளர் என்பது அவர் பதவியின் முழுப்பெயர். மூச்சுப் பிடித்துச் சொல்லவேண்டியதாகையால் நானும் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

"அந்த அறிக்கையெல்லாம் அரசாங்கத்துல படிச்சாங்களா தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"படிச்சதுக்கு அறிகுறி இல்லீங்க ஐயா. படிக்கலன்றதுக்கும் ஆதாரம் இல்ல."

நாள்தோறும் சந்நிதியில் விண்ணப்பம் பாடுகிற எனக்கு அந்த நிலை நன்கு பழகியதே. மேற்கொண்டு கேட்கவில்லை.

தந்தைக்கு முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தபோது ஊர் திரும்பியவர், கணினி வழியே வேலை பார்க்கலாம் என்றானதும் இங்கேயே தங்கிவிட்டார். ஊரில் இணையம் மல்லாட்டைக்கொடி போலத் தரையோடு தவழ்ந்ததால் திண்டிவனத்துக்குக் குடிவந்தார். தந்தை நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்தார். அவ்வப்போது ஒரு மூட்டை மல்லாட்டையுடன் பேருந்தில் வந்து இறங்குவார். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தும் அலமேலு ஒருநாள் அவரை மடக்கினாள்.

"பெரியப்பா, உங்க மவன் இன்னா வேலை பாக்கறாரு?"

"டெல்லிக்காரங்களுக்கு யோசிச்சுக் குடுக்கறான்மா."

"ஏன், அவுங்களுக்கு யோசிக்க வராதா?"

"அதான் எனக்கும் பிரியல" என்றார் பெரியவர்.

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனால் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் தனியே, "பக்கத்து நெலத்துக்காரன் புள்ள விஏஓவா கீறான். ஒரு வார்த்தையில சொல்லிப்புடறாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றார். மாடியிலிருந்த மகன் காதிலும் அது விழுந்திருக்கவேண்டும். மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்டு நின்றது.

இத்தனை மறைவாக வாழ்ந்த மனிதர் தொலைக்காட்சியில் தோன்றினார் என்பதுதான் இறைவனின் திருவிளையாடல். பால்காரருக்குப் பெயர் தெரியாது, முகமோ நாடறிந்தது. ஒரு செய்தித் தொலைக்காட்சி நடத்திய விவாதத்தில், மாடியறையில் கடல் வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் முன் அமர்ந்து பேசினார். பாதிப் பேச்சில் பின்னணியில் ஒரு பேரிரைச்சல் எழுந்தது. தொகுப்பாளர் பதறி, "சார், அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டார். "அது குறித்து இப்போது கருத்துக் கூறுவது பொருத்தமாக இருக்காது" என்று இவர் விடையிறுத்தார். அது அலமேலுவின் கிரைண்டர்.

வினை அந்தக் கிரைண்டரால் விளையவில்லை. திரையில் அவர் முகத்தின் கீழ் ஓடிய பட்டையால் விளைந்தது. முழுப்பதவியையும் எழுத இடம் போதவில்லை போலும். 'பாதுகாப்பு ஆய்வாளர்' என்று சுருக்கிவிட்டார்கள்.

நம் அரசு ஆய்வாளர் என்ற சொல்லை எத்தனை பேருக்கு வழங்கியிருக்கிறது என்று வாசகர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். காவல் ஆய்வாளர் உண்டு. வருவாய் ஆய்வாளர் உண்டு. சுகாதார ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர், தொழிலாளர் ஆய்வாளர் என அடியார் கூட்டம் பெரிது. ஆகவே தெருவில் ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்று எந்த இடத்தில் உறுத்தியதோ அந்த ஆய்வாளரை அவரிடத்தில் கண்டார்கள். இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞர்கள் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். தெருக்கோடியில் பகற்பொழுதிலேயே மதுப்புட்டி விற்றுவந்தவர், தொழிலை வேறு பேட்டைக்கு மாற்றிக்கொண்டார். அலமேலு எண்ணெயை மாற்றினாள். வடை சுட்ட எண்ணெயில் போண்டாவும், போண்டா சுட்ட எண்ணெயில் மறுநாள் வடையுமாக ஒரு பிறவிச் சுழலில் கிடந்த அந்தக் கடை எண்ணெய், அன்றுதான் வீடுபேறு அடைந்தது. நாட்டின் பாதுகாப்பு இவரால் எவ்வளவு உயர்ந்தது என்று நான் அறியேன். தெருவின் வடை உயர்ந்தது. அதற்கு என் நாக்கே சாட்சி.

அவருக்கு இலவசமாய்த் தோசை தர அலமேலு முயன்றாள். விதிமுறைப்படி அன்பளிப்பு ஏற்கலாகாது என்று அவர் காசை மேசைமேல் வைத்துவிட்டார். அவள் வெலவெலத்துப் போய் என்னிடம் வந்தாள்.

"பெரியவரே, காசு வாங்கற இன்ஸ்பெக்டர சமாளிச்சிடலாம். காசு குடுக்கற இன்ஸ்பெக்டர இன்னா பண்றது?"

"அவர் இன்ஸ்பெக்டர் இல்லம்மா. கொள்கை ஆய்வாளர்."

"சிஐடின்னா அப்படித்தான் சொல்லச் சொல்வாங்க. நீங்க ரொம்ப வெள்ளந்தி" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அவரிடமே கேட்டுத் தெளியலாமே என்பீர்கள். அவரிடம் எதைக் கேட்டாலும் மூன்று விடைகள் வரும். மயிலம் மலைக்குப் போகவேண்டிய ஓர் அம்மையார் பேருந்து நிறுத்தத்தில் இவரிடம், "மயிலம் பஸ் போயிடுச்சாப்பா?" என்று கேட்டதை நான் அருகிருந்து கண்டேன்.

"மூணு சாத்தியம் இருக்குங்கம்மா. போயிருக்கலாம். வந்துக்கினும் இருக்கலாம். மூணாவதுதான் கவலைக்குரியது."

"இன்னாப்பா அது?"

"அந்த பஸ்ஸே இன்னைக்கு எடுக்காம இருக்கலாம்."

அம்மையார் மூன்றாவதைக் கேட்டு மலைத்து நிற்கையில் முதலிரண்டுக்கும் இடைப்பட்ட நான்காவது நிகழ்ந்தது. பேருந்து வந்து, நின்று, போய்விட்டது.

என்னுடைய பதிகமும் அவர் ஆய்வுக்குத் தப்பவில்லை. மாலைதோறும் கோயிலில் நான் பாடுவதைத் தூணோரம் நின்று கேட்பார். வாயிலை நோக்கியே நிற்பார். ஒருநாள் பாடி முடித்ததும் கவலை தோய்ந்த முகத்தோடு என்னை நெருங்கினார்.

"ஐயா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசிப் பாட்டுல பாடினவர் தன் பேரு, ஊரு, எல்லாத்தையும் வெளியிட்டுட்றாரே?"

"அது மரபு தம்பி. பாடியவர் யார்னு உலகம் தெரிஞ்சிக்கணும் இல்ல?"

"ஏன் தெரிஞ்சிக்கணும்?"

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்காத கேள்வி. பங்குனித் திருவிழாவில் உற்சவர் எந்தத் தெரு வழியே எழுந்தருள்வார் என்று ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவிப்பதையும் நிறுத்தலாம் என்று யோசனை சொன்னார். "சாமி வெளிய வர்றதே எல்லாரும் பார்க்கத்தான் தம்பி" என்றேன். அதில் உள்ள அபாயத்தை இறைவன் போதிய அளவு ஆராய்ந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

இவ்வாறு நாள்கள் கழிகையில், ஒருநாள் மாலை அவராகவே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். டெல்லியில் அரசின் ஆலோசனைக் குழு ஒன்றுக்குத் தம்மைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். அவர் ஒரு செய்தியை ஒரே வாக்கியத்தில் சொன்னது அதுவே முதல்முறை.

"இன்னும் உறுதியாகலைங்க. பின்புலம் விசாரிப்பாங்க. போலீஸ்லருந்து ஆள் வரும். தெருவுல கேப்பாங்க, நான் யாரு, எப்படின்னு. அவங்க எழுதறதுலதான் இருக்கு."

"நல்லதுதானே தம்பி. ஏன் முகம் வாடியிருக்கு?"

சாத்திய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "இது கவர்மெண்ட் வேலைங்க ஐயா. முத்திரையோட ஆர்டர் வரும். அப்பா அதைக் கையில வச்சுக்கினு நாலு பேர்கிட்ட காட்டலாம். இது தவறினா எனக்கு வேற வழி இருக்கு. அவருக்கு இல்ல."

அந்த ஆள் ஒரு காலை வேளையில் வந்தார். சாதாரணச் சட்டைதான் அணிந்திருந்தார். ஆயினும் காலில் இருந்த காலணி அவர் துறையைக் கூவிச் சொன்னது. நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி அலமேலு கடையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். அவள் முறத்தில் முளைக்கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர் நம்மவரின் இயற்பெயரைச் சொல்லி, அப்படியொருவர் இங்கே குடியிருக்கிறாரா என்று அவளிடம் கேட்டார்.

"அந்தப் பேருல யாரும் இல்லீங்க."

"இந்த மாடிதாம்மா. டிவியில பேசுவாராமே."

"அட, இன்ஸ்பெக்டரா! அப்படிச் சொல்றதுக்கு இன்னா?"

வந்தவரின் பேனா நின்றது. "இன்ஸ்பெக்டரா? எந்த ஸ்டேஷன்?"

நான் காப்பியைக் கீழே வைத்தேன். அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"ஸ்டேஷன்லாம் வெளிய சொல்லமாட்டாருங்க. ரகசிய ட்யூட்டி."

"நான் இந்த ஏரியா போலீஸ்லதாம்மா கீறேன். எனக்குத் தெரியாம எவன் இங்க இன்ஸ்பெக்டரு?"

"உங்களுக்கும் மேல எடத்துலருந்து வந்தவராட்டம் கீது. ஆனா தங்கமான மனுசன் சார். அவரு வந்ததுலருந்து பசங்க வண்டிய தள்ளிக்கினுதான் போறானுங்க. நானே எண்ணெய தெனம் மாத்திடறேன். அவ்ளோ பயம்!"

அவருக்கு நற்சான்று அளிப்பதாகவே அவள் உறுதியாய் நம்பினாள். அன்பு மிகுதியால் அடியார் செய்யும் பிழைகளில் இதுவும் ஒன்று.

"பயமுறுத்தி ஓசியில சாப்பிட்டாரா?"

"ச்சேச்சே! காசு குடுத்துத்தாங்க பயமுறுத்தனாரு."

வந்தவர் அதையும் எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நம்மவர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"சார், நீங்க இன்ஸ்பெக்டரா?" என்று அந்த மனிதர் நேரடியாகக் கேட்டார்.

இல்லை என்ற ஒரே சொல் போதும். மகன் வாயிலிருந்து அது வந்தால் தந்தையின் கைக்கு முத்திரை வந்துவிடும். ஆனால் நம்மவர், "முதல்ல நீங்க யாருன்னு தெரிஞ்சிக்கலாமா?" என்றார். வந்தவர் அடையாள அட்டையை நீட்டினார். இவர் அதை முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் உயர்த்திப் பிடித்துச் சோதித்தார்.

"இன்னா சார், பேஜார் பண்றீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க இன்ஸ்பெக்டரா, இல்லியா?"

"அந்தக் கேள்விக்குள்ளயே மூணு அனுமானம் இருக்குங்க..."

"போலி இன்ஸ்பெக்டர்னு கேஸ் எழுதினா வேலையும் போச்சு, ஜெயில்லருந்து வெளியவே வரமுடியாது தெரியுமா?"

நம்மவர் வாய் திறந்தது. மூன்றில் ஒன்றுகூட வெளிவரவில்லை. எத்தனையோ கடல்களின் ஆபத்தை முன்னறிந்து எழுதிய மனிதர், ஒற்றைச் சொல்லில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆபத்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொற்களோடு மட்டும் கொஞ்சம் பழக்கம் உண்டு. எழுந்தேன்.

"சார், கொஞ்சம் இப்படிப் பாருங்க. இந்தம்மா கையில இன்னா இருக்கு?"

"கீரை."

"இன்னா பண்றாங்க?"

"ஆஞ்சிக்கினு கீறாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"இவரும் அதான் சார் பண்றாரு. கடலைப் பத்தி, எல்லையைப் பத்தி நாட்டுக்கு வர்ற சேதி எல்லாம் ஒரு கட்டுக் கீரை. அதுல புல்லு எது, பூச்சி எது, நல்ல இலை எதுன்னு ஒக்காந்து ஆஞ்சி, கூடையில போட்டு அனுப்பறாரு. அதனாலதான் ஆய்வாளர். டிவிக்காரன் பாதிப் பேரை முழுங்கிட்டான். தெருவுல இருக்கறவங்க மீதிப் பாதியை இன்ஸ்பெக்டர் ஆக்கிட்டாங்க. இவரா ஒருநாளும் சொல்லல."

வந்தவர் முறத்தையும் நம்மவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சமைக்கறது யாரு?"

"அது டெல்லியில."

"சாப்பிடறது?"

"நாமதான் சார்."

அவர் உடல் குலுங்கச் சிரித்தார். "என் மச்சான்கூட பெங்களூருல ஏதோ அனலிஸ்டாம். கல்யாணம் ஆனதுலருந்து எங்க வூட்ல ஒருத்தருக்கும் இன்னா வேலைன்னு பிரியல. கீரை ஆயறதா!" என்று சொல்லி, எழுதியிருந்ததில் சில வரிகளை அடித்தார்.

"ஐயா, அது முழுமையான வரையறை இல்லீங்க. இதுல கொள்கை வகுத்தல்னு ஒரு..." என்று நம்மவர் தொடங்கினார்.

"தம்பி, சித்த சும்மா இருங்க" என்றேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறை சும்மா இருந்தார்.

அந்த மனிதர் போன பிறகுதான் அலமேலு முறத்தோடு எழுந்து நிற்பதைக் கவனித்தோம். "அப்ப நீங்க இன்ஸ்பெக்டரே இல்லியா?"

"இல்லீங்க" என்றார் நம்மவர். எவ்வளவு எளிதாக வந்தது!

"அடப்பாவி மனுசா! இத்தினி நாளா எண்ணெய மாத்திக்கினு கீறனே!" என்று முறத்தைத் தூக்கி ஓர் உதறு உதறினாள். பழைய எண்ணெய் மீண்டும் பிறவியெடுக்குமோ என்று நாங்கள் அஞ்சினோம். எடுக்கவில்லை. கேட்டதற்கு, "கெட்ட பழக்கம் ஆயிடிச்சி பெரியவரே, வுட முடியல" என்றாள்.

முத்திரையோடு ஆணை வந்தது. கண்டாச்சிபுரத்துப் பெரியவர் வெள்ளைச் சட்டை அணிந்து வந்து அதைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்ததை யாரும் திருத்தவில்லை. நடந்ததையெல்லாம் அலமேலு அபிநயத்தோடு சொல்லக் கேட்டவர், மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, கீரை ஆயறதுன்னு சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? யோசிக்கறேன் யோசிக்கறேன்னு என்னை ஊரு சிரிக்க வச்சியே!"

அன்று ஊர் திரும்பும் பேருந்தில் நடத்துநர் தொடங்கி இறங்கும் நிறுத்தம் வரை, "எம் மவன் கவர்மெண்டுக்குக் கீரை ஆயறான்" என்று அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டே போனதாக அறிந்தேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்ததாம்.

டெல்லிக்குப் புறப்படும் நாள் காலை, பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு நம்மவர் தனியே என்னிடம் வந்தார். சாவியைக் கொடுத்தார். போகவில்லை. தெருவின் இருபுறமும் பார்த்தார். எதிர்மாடியைப் பார்த்தார், அங்கே மிளகாய் மட்டுமே இருந்தது.

"ஐயா, கோயில்ல அர்ச்சனை பண்றப்ப நட்சத்திரம் கேப்பாங்க இல்ல?"

"ஆமா தம்பி."

குனிந்து என் காதோரம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, பெரிய பாரம் ஒன்றை இறக்கியவர்போல விறுவிறுவென்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

அது எந்த நட்சத்திரம் என்று இங்கே எழுதுவதற்கில்லை. மாதந்தோறும் அந்த நாள் வரும்போது சந்நிதிக்குப் போகிறேன். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி கையால் வாயை மறைத்துக்கொண்டு, மெல்லச் சொல்கிறேன்.